மருந்து கலக்கும்போது பக்கத்தில் கார்டா, ஆப்பா?

மயக்க மருந்து நர்ஸ் பயிற்சியில் இருப்பவர்கள் மருந்து கலக்கும்போது பார்த்துச் செய்ய என்ன கொடுப்பது என்றால், நான் கலக்கும் படிகளை எழுதி லேமினேட் செய்த கார்டு பக்கம்தான். என் மாணவர்களுக்கும் அதையே கொடுத்திருக்கிறேன். மனப்பாடத்தை மட்டும் நம்புவது பற்றி நீட்டிப் பேச வேண்டாம், அவசரத்தில் மில்லிகிராமும் மைக்ரோகிராமும் இடம் மாறும். போட்டி கார்டுக்கும் மொபைல் ஆப்புக்கும்தான்.

ஆப் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் தப்பான எண்ணைக் கொடுத்தாலும் விடை பளிச்சென்று வந்து நிற்கும், புதிதாகக் கற்பவருக்கு அதைச் சந்தேகப்படத் தோன்றாது. கார்டில் வழி முழுக்கக் கண்ணெதிரே இருக்கிறது. 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள அட்ரினலினை சலைன் சேர்த்து 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். அதில் 1 மி.லி. எடுத்து மறுபடி 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். இரண்டு சிரிஞ்சிலும் தண்ணீர் மாதிரிதான் தெரியும், லேபிளின் நிறமும் மருந்து வகையைச் சொல்லுமே தவிர செறிவைச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு படிக்கும் பிறகு 'செறிவை எழுதி லேபிள் ஒட்டு' என்று கார்டில் தனி வரி போட்டேன்.

சரி, கார்டில் உண்மையான தலைவலி பராமரிப்பு. ரத்த அழுத்தத்தை ஏற்றும் எபெட்ரினின் 1 மி.லி. ஆம்பூல் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) 50 மி.கி.யிலும் வரும், 30 மி.கி.யிலும் வரும். '1 மி.லி. எடுத்து 10 ஆக்கு, மி.லி.க்கு 5 மி.கி.' என்ற வரி, வேறு ஆம்பூல் வந்து இறங்கிய அன்றே பொய்யாகிவிடும். 30 மி.கி. ஆம்பூல் என்றால் சிரிஞ்சில் இருப்பது மி.லி.க்கு 3 மி.கி.தான், லேபிளில் 5. அதனால் முதல் வரியே 'ஆம்பூலைப் படி, 50 மி.கி. இல்லையென்றால் நிறுத்து' என்றுதான் இருக்க வேண்டும். மூலையில் தேதியும், திருத்த வேண்டியவர் பெயரும். ட்ராலியில் பழைய கார்டை எடுத்த பிறகே புதியதை வைக்க வேண்டும். அப்புறம், கார்டைப் போட்டோ எடுக்க நான் விடுவதில்லை, ட்ராலியில் மாற்றிய பிறகும் பழையது போனில் உட்கார்ந்திருக்கும். ஆப்புக்கும் இந்தத் தொல்லை இல்லாமல் இல்லை: அதில் முன்கூட்டியே போட்டிருக்கும் செறிவு உங்கள் அலமாரியில் உள்ள ஆம்பூலோடு ஒத்துப்போக வேண்டுமே.

குழந்தைகள் விஷயத்தில் ஒவ்வொரு அளவும் எடையைப் பொறுத்தது, அங்கே ஆப் முந்தலாம். நான் பெரியவர்களுக்கான மருந்துகளில் மட்டுமே கார்டை வைத்துப் பழக்கியிருக்கிறேன், அதைத் தாண்டி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.