செயற்கைப் புல்: பல கோடை தாண்டிய பிறகு ஒரு விமர்சனம்

கடையில் சாம்பிள் துண்டைக் கையில் கொடுத்தால் யாருக்கும் பிடித்துப்போகும். 40 மி.மீ. உயரத்தில் மெத்தென்ற நார், அதிலேயே மூன்று நான்கு விதப் பச்சை, காய்ந்த புல் கலந்திருப்பதாகத் தெரிவதற்காக அடியில் சுருள் சுருளாகக் கொஞ்சம் பழுப்பு. வளர்க்கத் தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், சேறு வீட்டுக்குள் வராது என்றார் விற்பவர். சொன்ன அளவில் மூன்றும் உண்மை, இன்றுவரை ஒன்றும் பொய்க்கவில்லை. அவர் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தோட்டத்தைப் பற்றி ஆரம்பிக்கவே இல்லை. யார் புல் வெட்டுவது என்பதில்தான் ஆரம்பித்தது. விடுமுறை நாள் காலையில் மெஷினை வெளியே இழுக்கும் சத்தம் கேட்டாலே என் கணவருக்கும் மகனுக்கும் வாக்குவாதம் தொடங்கிவிடும். நாய் ஒரு மூலையில் குழி தோண்டும். மழை பெய்தால் நாலு காலிலும் சேற்றோடு சோபாவில் ஏறும். ஈரப் புல்லில் அத்தை வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. செயற்கைப் புல் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் தலையாட்டினோம். அத்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் போட்டுக் கொடுத்தவர்களைப் பற்றி. வேலை சுத்தம். மேல்மண்ணை வெட்டி எடுத்து, ஜல்லி கொட்டி, அதிர்வு மெஷினால் இறுக்கி, கிரஷர் தூளை மட்டம் பார்த்துப் பரப்பி, களை வராமல் இருக்க ஒரு விரிப்பும் போட்ட பிறகுதான் ரோலையே பிரித்தார்கள். மழைத் தண்ணீர் எங்கும் தேங்குவதில்லை. அடித்துணியின் ஓட்டைகள் வழியாக இறங்கிவிடுகிறது. எல்லா ரோலிலும் நார் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அதுவும் நாம் அதிகம் நின்று பார்க்கும் வாசலை நோக்கிச் சாய்ந்தால்தான் அடர்த்தியாகத் தெரியும் என்று விளக்கி, அப்படியே செய்தும் கொடுத்தார்கள். குறை என்றால் இரண்டு ரோல் சேரும் இடம்தான். ஆலையிலிருந்து வரும் ஓரத்தை இரண்டு மூன்று தையல் அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டு ஒட்ட வேண்டும். ஓரிடத்தில் அதைச் செய்யவில்லை போலிருக்கிறது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது தோட்டத்தின் நடுவே நேராக ஒரு கோடு தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பிறகு கண் அங்கேயேதான் போய் நிற்கும்.

இனி சூடு. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

உயிருள்ள புல் வேரில் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியாக ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. போகிற ஆவி வெப்பத்தையும் கூட எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் உச்சி வெயிலில்கூடப் புல்லில் வெறுங்காலோடு நிற்க முடிகிறது. செயற்கைப் புல் பாலிஎத்திலீன் இழை. விழுந்த வெயிலில் சூடேறுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் ஒரு செயற்கைப் புல் மைதானத்தை அளந்திருக்கிறார்கள். காற்று சுமார் 37 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரி வரை ஏறியது. பக்கத்துத் தார்த்தளம்கூட அந்த அளவுக்குச் சுடவில்லை. அது நார்களுக்கு நடுவே ரப்பர் துகள் நிரப்பிய மைதானம்; வீடுகளில் பெரும்பாலும் சிலிக்கா மணல்தான் தூவுகிறார்கள், அதனால் சூடு கொஞ்சம் குறைவாக இருக்கலாம். “சுட்டா லேசா தண்ணி தெளிச்சுக்கோங்க மேடம்” என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதையும் அங்கே செய்து பார்த்திருக்கிறார்கள். 79 டிகிரியில் இருந்த தரை தண்ணீர் விட்டதும் 29-க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49, இருபது நிமிடத்தில் 73.

எங்கள் வீட்டில் இதற்குத் தெர்மாமீட்டர் தேவைப்படவில்லை, நாயே போதும். வெயில் ஏறிய பிறகு கதவைத் திறந்துவிட்டால் வாசல்படியில் நின்று ஒரு முன்னங்காலை மட்டும் புல்லில் வைத்துப் பார்க்கும். உடனே எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஓரத்து சிமென்ட் பாதையிலேயே சுற்றிப் போய் மரத்தடியில் படுத்துக்கொள்ளும். மகளும் அதே வழிதான். பிள்ளைகள் ஓடியாடத்தானே என்று போட்ட இடத்தில் ஓடியாட முடிவது காலையில் கொஞ்ச நேரம், இருட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம். ஹாலின் கண்ணாடிக் கதவைத் திறந்தால் முன்பு வந்த காற்று வேறு. இப்போது வருவது அனல்.

இந்தப் பொருள் பிரபலமான கதையைப் பிறகுதான் படித்தேன். 1965-இல் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை மூடிய அரங்கைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது உண்மையான புல். கூரையின் ஒளி புகும் பலகைகளில் கண் கூசி, உயரே வரும் பந்து பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்துப்போனது. அடுத்த வருடம் செயற்கைப் புல்லை விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரே அந்த அரங்கை வைத்து வந்ததுதான். ஆக, வெயில் வராததால் புல் செத்த இடத்தில் பெயர் வாங்கிய சரக்கு இது. நாம் அதைக் கொண்டுவந்து தோட்டத்திலேயே வெயில் அதிகம் விழும் இடமாகப் பார்த்து விரிக்கிறோம்!

அடுத்தது வாடை. நாய் வளர்ப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். மண்ணில் விழும் மூத்திரத்தை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். இங்கே அது மணலிலும் நாரின் அடியிலும் தங்கிக் காய்கிறது. நல்ல வெயிலில் அம்மோனியா நெடி மூக்கைப் பிடிக்கும். நீண்ட நாள் காய்ந்த பிறகு தூறல் விழுந்தால் அதைவிட மோசம். என்சைம் கலந்த கிளீனரைத் தெளித்து, ஊறவிட்டு, பிறகு டியூபைப் பிடித்து நிறையத் தண்ணீர் அடிக்க வேண்டும். புல் வளரத் தண்ணீர் வேண்டாம்தான், வாடை போகத் தண்ணீர் வேண்டும்.

பராமரிப்பே இல்லை என்ற பேச்சும் அப்படித்தான். மூலையில் நிற்கும் மரத்துக்குச் சின்னச் சின்ன இலை. அது நாருக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டால் துடைப்பத்துக்கு வராது. இரும்பு வாரியால் இழுத்தால் நாரும் சேர்ந்து வரும். காற்று ஊதும் மெஷின் வாங்கினோம். ஊதாமல் விட்ட இடத்தில் தூசியும் மக்கிய இலையும் சேர்ந்து மெல்லிசாக மண் படிந்து, அதில் விதை விழுந்து முளைக்கிறது. மேலிருந்து வருவதையாவது பிடுங்கிவிடலாம். கோரை கீழிருந்து வருகிறது. களை விரிப்பையும் அடித்துணியையும் அதன் கூர்முனை குத்திக்கொண்டு நேரே மேலே வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் தலையைக் கிள்ளிப் பயனில்லை. தோண்டலாம் என்றால் மேலே ஜல்லி, அதன் மேல் ஒட்டிய விரிப்பு. வெறும் மண்ணாக இருந்தால் களைக்கொத்தால் கிழங்கோடு நெம்பி எடுத்திருக்கலாம். நடமாடும் தடத்தில் நார் படுத்துவிடுவதால் சாய்வுக்கு எதிர்த்திசையில் முரட்டுப் பிரஷ் போட்டு நிமிர்த்தவும் வேண்டும். யார் பிரஷ் போடுவது என்று இப்போது அப்பாவும் மகனும் சண்டை போடுகிறார்கள்.

பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே ஒரு பட்டை உருகியது யாரும் எதிர்பார்க்காத விஷயம். அங்கே வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே உள்ள அழுத்தம் மாறினால் அது லேசாக உள்பக்கம் குழிந்து, விழும் வெயிலை ஒரே இடத்தில் குவித்து அடிக்கும். சூரியன் நகர நகர அந்த வெளிச்சமும் நகரும். போன வழியெல்லாம் நாரின் நுனி சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கையால் தடவினால் நெல்மணி அளவில் கெட்டி கெட்டியாக உருண்டைகள் நெருடும். வாரண்டித் தாளை எடுத்துப் பார்த்தால், பிரதிபலித்த வெப்பத்தால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. அதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் இப்படி நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அளவெடுக்க வந்தபோது அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மழைக்குப் பிறகு வடிகால் சல்லடையைத் தூக்கிப் பார்த்தால் பச்சைத் துணுக்குகள். வெயிலில் நைந்து உதிரும் நார்தான் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த விதிப்படி, மைதானங்களில் நிரப்பும் பிளாஸ்டிக், ரப்பர் துகள்களை 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே விற்க முடியாது. அது நிரப்புத் துகளுக்கான தடை, நாருக்கு இல்லை. சல்லடையில் வருவதை நான் குப்பையில் போடுகிறேன். சல்லடைக்குத் தப்பிப் போவதை என்ன செய்வது?

சரி, அத்தை கதை. புல்லும் மண்ணும் இருந்த காலத்தில் காலை காபிக்கு முன்பே கையில் களைக்கொத்தோடு ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். இன்று இந்தச் சதுரம், நாளைக்கு அடுத்தது. மண்புழு வந்தால் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அதை நாங்கள் வேலை என்று நினைத்தோம், பாவம் வயதான காலத்தில் எதற்கு என்று. புதுப் புல் விரித்த அன்றைக்கு நடந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. இதுல நான் என்ன பண்றது?” என்றார்கள். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம். அவர்கள் வழுக்கி விழவில்லை, உண்மை. ஏனென்றால் அங்கே போவதே குறைந்துவிட்டது. காலையில் டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தார்கள். முழங்கால் வலி அதிகமானதற்கு இதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. மாமா மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஒரு தோட்டத்தில் எதைப் போடுவது என்று முடிவு செய்யும்போது யாருக்கு வேலை குறையும் என்று மட்டும் கேட்டோம். அங்கே யார், எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் பதில் வேறாக வந்திருக்கும். வெட்டுவதுதான் தொல்லை என்றால் புல் பரப்பைப் பாதியாகக் குறைத்து மீதியில் செடி வைத்திருக்கலாம். பொடுதலை மாதிரி தரையோடு படரும் செடிக்கு வெட்டும் வேலையே குறைவு. குளிர்ந்த இடங்களில் வெள்ளைக் குளோவர் உண்டு. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தனக்குத் தானே உரம் போட்டுக்கொள்ளும். புல்லேதான் வேண்டும் என்றாலும் ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் உயரமாக விட்டால் வேர் ஆழமாகப் போகும், தண்ணீரும் குறைவாகக் கேட்கும்.

இந்தப் பொருளை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நிழல் விழும் பால்கனி, எதுவுமே முளைக்காத மாடிப்படி அடி, நாய் போகாத மூடிய முற்றம், இங்கெல்லாம் நன்றாகவே இருக்கும். வெயில் விழும் தோட்டத்துக்கு வேண்டாம். அப்படியும் ஆசை விடவில்லை என்றால், கடையில் ஒரு பெரிய சாம்பிள் துண்டைக் கேட்டு வாங்கி, போடப்போகும் இடத்திலேயே நண்பகலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்துவிட்டு, வீட்டில் இருக்கிற எல்லோரையும் செருப்பில்லாமல் அதன் மேல் நிற்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அத்தை அறைக்கு வெளியே உள்ள பகுதியை மட்டும் எடுத்துவிட்டோம். புல்லை உரிப்பது சுலபம், அடியில் இறுகிக் கிடக்கும் ஜல்லியைக் கிளறி வெளியேற்றி மண் நிரப்புவதுதான் பெண்டு நிமிர்த்தும் வேலை. எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: நன்றாகக் காய்ந்த நாளாகப் பாருங்கள், ரோலைச் சுருட்டுவதற்கு முன்னால் சின்னத் துண்டுகளாக வெட்டி மணலை அங்கேயே உதறிவிடுங்கள். ஈர மணலோடு சுருட்டினால் நாலு பேர் சேர்ந்தாலும் நகராது.