பத்தாயிரம் ரூபாயை வாங்க ஆளில்லை

விருதுநகரில் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுக்கப் போய், பணத்தோடு திரும்பி வந்தேன். ஃபிளைட், பெட்டி, அம்மாவின் பேங்க் வேலை எல்லாம் இந்த முறை ஒழுங்காக நடந்துவிட்டது. அதில் எழுத ஒன்றுமில்லை. இது மட்டும்தான் இங்கிலாந்தில் நான் இருக்கும் லெஸ்டருக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் தெருப் பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்துவது அது. கடைக்கு நூறு, வீட்டுக்கு ஐம்பது என்று மாதாமாதம் ஒரு பையன் ரசீதுப் புத்தகத்தோடு வருவான். வெளியூர்க்காரர்களுக்கு வேண்டுமானால் இது புதுசாக இருக்கலாம். மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் மகமை (பொதுக் காரியத்துக்கான பங்கு) ஒதுக்கிப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர் இது. காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலாவே வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடந்த பள்ளிதான். இப்போது அந்தக் காசில் ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு ஃபீஸ், நோட்டு. மற்றபடி பெரிய செலவு கண் முகாம்தான்.

முகாமுக்கு முதல் நாள் பொருளாளர் அண்ணாச்சியின் மளிகைக் கடைக்குப் போனேன். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாகப் பத்தாயிரத்தை எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, பாஸ்போர்ட் நம்ம நாட்டுதா, அங்க மாத்தியாச்சா?"

"மாத்தி ரொம்ப வருஷமாச்சு அண்ணாச்சி."

"அப்ப உள்ள வைங்க. ஆடிட்டர் என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு."

"ரூபாயாத்தானே குடுக்குறேன்? ஓசிஐ கார்டு இருக்கே!" வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட நம்மவர்களுக்கு இந்திய அரசாங்கம் தரும் அட்டை அது.

"ரூபாயா இருந்தாலும் அது ஃபாரின் காசுதான் தம்பி."

சரி, அம்மா பேரில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அம்மா கணக்கு தனியா ஓடுது, அவுங்க மாசம் தவறுனதில்ல. உங்க காச அவுங்க பேர்ல எழுதுனா அதுக்குப் பேரு வேற." சொல்லிக்கொண்டே யாருக்கோ கால் கிலோ உளுந்து நிறுத்துக் கொடுத்தார். பின்னால் ஒரு பெண் கடுகு கேட்டுக் காத்துக்கொண்டிருந்தார். எல்லார் முன்னாலும் பணத்தை மறுபடி பாக்கெட்டில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் அவர் சொன்னதுதான் சட்டம். 2010-ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன் எந்த நோட்டில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. வாங்க அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ (எஃப்சிஆர்ஏ பதிவு) முன் அனுமதியோ வேண்டும். பதிவு கிடைக்க, அமைப்பு மூன்று வருஷமாவது நடந்திருக்க வேண்டும், கடைசி மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் செலவும் செய்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். ஐம்பது ரூபாய் ரசீது கிழிக்கிறவர்கள் இதற்கெல்லாம் எங்கே போவார்கள்? பணம் எங்கிருந்து வருகிறது என்று அரசாங்கம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் விருதுநகரில் பிறந்தவன் விருதுநகர் சாமியானாவுக்குக் கொடுக்கும் காசு டெல்லி போய் வர வேண்டுமா?

லெஸ்டரில் சூப்பர்மார்க்கெட் வாசலில் வாளியோடு நிற்பவரின் கருவியில் கார்டைத் தட்டினால் வேலை முடிந்தது. கிஃப்ட் எய்டு படிவத்தில் ஒரு டிக் போட்டால், கொடுக்கும் ஒவ்வொரு பவுனுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துத் தரும். பாஸ்போர்ட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அப்புறம் வருஷம் முழுக்கக் கடிதம், ஃபோன், 'மாதம் இன்னும் இரண்டு பவுன் கூட்ட முடியுமா' என்று நச்சரிப்பு. வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் எங்கள் அண்ணாச்சிதான்.

அறக்கட்டளைக்காரர்கள் பணம் வேண்டாம், கண் முகாமுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை பெயர் எழுதும் மேஜையில் உட்கார்ந்தேன். 'தலைக்குக் குளித்துவிட்டு, மாற்றுத் துணியோடு வரவும்' என்று நோட்டீஸில் போட்டிருந்ததால் பாதிப் பேர் ஈரத் தலையும் மஞ்சள் பையுமாக விடியும் முன்பே வந்து நின்றார்கள். ஆதார் நகல், செல் நம்பர், பிரஷர், சர்க்கரை, டார்ச். கண்புரை என்று முடிவானால் எந்தக் கண்ணோ அந்தப் பக்க நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி. சாயங்காலம் மருத்துவமனைக்கு பஸ். சர்க்கரை கூடியிருந்ததால் ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். "பஸ்ஸுல ஏத்திட்டா சர்க்கரை தானா இறங்கிரும்யா" என்று என் மேஜையை விட்டு நகரவே இல்லை. எழுதித் தந்த மாத்திரைச் சீட்டைப் பிடிவாதமாக என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்.

கணக்கு எளிது. இடம், மைக் கட்டிய ஆட்டோ, நோட்டீஸ், சாம்பார் சாதம் எல்லாம் ஊர்க்காசு. டாக்டர், ஆபரேஷன், லென்ஸ் மருத்துவமனைப் பொறுப்பு. ஓய்வுபெற்ற அரசு டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கி ஊர் ஊராகப் பரப்பிய முறை இது. பணம் கட்டிப் பார்ப்பவர்களின் வரவில் இலவச ஆபரேஷனும் நடக்கும். 1992-இல் அவர்களுடைய ஆரோலேப் நிறுவனம் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் விலையும் விழுந்தது. லெஸ்டரில் என் பக்கத்து வீட்டுக்காரர் இதே புரைக்கு மாதக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்தார். அங்கேயும் இலவசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிளாஸ்திரி ஒட்டி அன்றைக்கே பஸ் ஏற்றும் வேகம் அங்கே கிடையாது.

இந்திய பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்கள் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வருமான வரிச் சலுகைக்கு ரசீது வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மாற்றியவர்கள் பதிவுள்ள பெரிய நிறுவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்க நான் விருதுநகர் வரை போயிருக்க வேண்டாம்.