கோயாசான் ஒரே நாளில்: சுற்றுலாப் பேருந்தா, ரயிலா?

ஒசாகாவில் தங்கிக்கொண்டு கோயாசான் மலைக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒகுனோயின் கல்லறைத் தோட்டத்துக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதைத்தான். கட்டணமெல்லாம் அதற்குப் பிறகு. கூகாய் என்ற துறவி 816-இல் ஷிங்கோன் பௌத்தத்துக்காக நிறுவிய இந்த ஊரில் 117 கோயில்கள் உண்டு. ஆனால் இதன் உயிர், அவர் இன்றும் ஆழ்ந்த தியானத்தில் இருப்பதாக நம்பப்படும் ஒகுனோயின்தான்.

வழிகாட்டியோடு போகும் பேருந்துகள் பெரும்பாலும் நாக்கனோஹாஷி வண்டி நிறுத்தத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கூகாயின் சமாதிக்கு ஒரு கிலோமீட்டர், இருபது நிமிட நடை. அந்தப் பாதையில் நிறையக் கண்ணில் படுவது நிறுவனங்கள் எழுப்பிய புது நினைவுச்சின்னங்கள். ராக்கெட் வடிவில்கூட ஒன்று இருக்கிறது. பழைய பாதை இச்சினோஹாஷி பாலத்தில் தொடங்கி இரண்டு கிலோமீட்டர் போகிறது. வானுயர்ந்த தேவதாரு மரங்களுக்கு அடியில் பாசி படிந்த ஐந்தடுக்குக் கல்லறைக் கற்கள், ஒவ்வோர் அடுக்கும் ஐம்பூதங்களில் ஒன்றைக் குறிக்கும்: கீழே சதுரம் நிலம், மேலே உருண்டை நீர், கூம்பு தீ, அரைவட்டம் காற்று, உச்சியில் ரத்தின வடிவம் வெளி. பல கற்களில் சித்தம் எனப்படும் பழைய இந்திய எழுத்துகள் பொறித்திருக்கும். போர்க்களத்தில் எதிரிகளான தக்கேதா ஷிங்கெனுக்கும் உஎசுகி கென்ஷினுக்கும் இங்கே ஏறக்குறைய எதிரெதிரே நினைவிடங்கள். இந்தப் பாதையை விட்டுவிட்டுத் திரும்பினால் கோயாசானில் பாதியைத்தான் பார்த்ததாகும்.

ரயிலில் போனால் வாசல் உங்கள் விருப்பம். நம்பா நிலையத்தில் நன்காய் ரயில் ஏறிக் கோகுராகுபாஷியில் இறங்க வேண்டும். சிறப்பு விரைவு வண்டியில் சுமார் 80 நிமிடம். அதற்கு இருக்கைக் கட்டணம் தனி. சாதாரண விரைவு வண்டியில் சுமார் 100 நிமிடம், ஹாஷிமோதோவில் மாற வேண்டியிருக்கலாம். பிறகு விஞ்ச் ரயிலில் ஐந்து நிமிடம் ஏறினால் மலை உச்சி. அங்கிருந்து ஊருக்குள் பேருந்துதான். அந்தச் சாலையில் நடக்க அனுமதி இல்லை. பலரும் தவறுவது இதற்குப் பிறகு: பெயரைப் பார்த்து ‘ஒகுனோயின்-மாயே’ நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார்கள். அது நாக்கனோஹாஷி பக்கம். இச்சினோஹாஷி அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

காலை ஏழு மணிக்கே நம்பாவை விட்டுக் கிளம்பினால் இன்னொரு பலன் கிடைக்கும். கூகாய்க்குத் தினமும் காலை 6 மணிக்கும் 10.30-க்கும் உணவு படைக்கிறார்கள். வெள்ளை மரப்பெட்டியில் உணவைச் சுமந்து வரும் துறவிகள், உணவை ருசி பார்ப்பவராகக் கருதப்படும் ஜிசோ போதிசத்துவரின் சன்னதியில் நின்றுவிட்டுச் சமாதிக்கு முன்னுள்ள பாலத்தைக் கடப்பார்கள். பாலத்துக்கு அப்பால் புகைப்படம் கூடாது, தொப்பியைக் கழற்ற வேண்டும். எட்டரை மணிக்குக் கிளம்பும் பேருந்தில் போனால் இதைப் பார்க்க முடியாது.

செலவும் குறைவு. ரயில் ஒரு வழிக்குச் சுமார் 1,400 யென். பேருந்துச் சுற்றுலா ஆளுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். ஆனால் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் நன்காய் பாதையில் செல்லாது. நன்காயின் உலகப் பாரம்பரியச் சீட்டில் போக வர ரயிலோடு மலைப் பேருந்தும் சேர்ந்தே வரும்.

பேருந்துக்கு ஆதரவாகச் சொல்ல இரண்டு உண்டு. மூட்டுவலி உள்ளவர்களுக்கு வண்டி மாறும் அலைச்சல் இல்லை. விளக்கிச் சொல்ல ஆள் இருக்கிறார். ரயிலில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத குறைக்கு வழியிருக்கிறது: ரயிலில் போய், மலையில் ஆங்கிலம் பேசும் உள்ளூர் வழிகாட்டியை முன்பதிவு செய்துகொள்ளலாம். எங்கள் ஓட்டு இதற்கே.

எதில் போனாலும் மதியச் சாப்பாட்டை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். கோயில் விடுதிகளின் ஷோஜின் எனப்படும் துறவிகளின் சைவ உணவில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. வெளியே மற்ற கடைகளில் சாற்றில் மீன் கலந்திருக்க வாய்ப்புண்டு. பிற்பகலில் கரன் என்ற கோயில் வளாகம், பக்கத்திலேயே தலைமைக் கோயிலான கோங்கோபுஜி. கோங்கோபுஜியில் மாலை 4.30-க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். குளிர்காலத்தில் கற்பாதையில் பனி உறைந்து வழுக்கும், செருப்பு போதாது, நல்ல பிடிப்புள்ள கனத்த காலணி வேண்டும்.