கேமராவுக்கு மாற்று பேட்டரி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் திருமணம், காதணி விழா, வளைகாப்பு என்று படம் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கும், புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் அதே அட்டைப் பெட்டி, அதே பொய் எண்ணுடன், வேறு கடைகளிலும் தொங்குவதைப் பார்த்தேன். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

என்னிடம் இருப்பது கேனன் 80டி. 2016இல் வந்த மாடல், நான் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியது. அதற்குரிய பேட்டரி எல்பி-இ6என். கேமராவோடு வந்த ஒன்று தளர்ந்துகொண்டிருந்தது. ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றனவே என்று இன்னும் இரண்டு தேடினேன். அசல் ஒன்றுக்கே ஐந்தாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். அப்போதுதான் புதுச்சேரியில் ஒரு கடையில் இரண்டு பேட்டரியும் ஒரு சார்ஜரும் சேர்த்து 1,650 ரூபாய் என்றார்கள்.

"உள்ளே இருக்கும் செல் கம்பெனி செல்தான் அக்கா. மேல் கூடு மட்டும்தான் வேறு. அசலின் கொள்ளளவு 1865 மில்லி ஆம்பியர் மணி, இதில் 2600. பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் அதிக நேரம் நிற்கும்" என்றார் கடைக்காரர். பில் கேட்டேன். மாற்ற வேண்டுமானால் இதைக் கொண்டுவந்தால் போதும் என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். யுபிஐயில் பணம் அனுப்பினேன். அன்று அப்படி அனுப்பியதுதான் இன்று எனக்கு இருக்கும் ஒரே உருப்படியான சாட்சி.

பத்து நாள் கழித்துத் திருவந்திபுரத்தில் ஒரு திருமணம். அங்கே பெரிய முகூர்த்த நாள் எப்படி இருக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தேவநாத சுவாமி சந்நிதியில் ஒரே நாளில் நூறு திருமணங்களைக்கூடத் தாண்டிவிடும். ஒரு ஜோடி மாலையோடு இறங்குவதற்குள் அடுத்த ஜோடி வந்து நின்றுவிடும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க முடியாது. தாலி கட்டுவதை எடுத்துவிட்டேன். பெண்ணின் ஆயாவைப் பண்ருட்டியிலிருந்து அழைத்து வந்து, நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்திருந்தார்கள். அவர் அட்சதையை எடுத்துப் பேத்தியின் தலையில் போடக் கையை உயர்த்தினார். கேமரா அணைந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்கு முன் பார்த்தபோது 71 சதவீதம் காட்டியது.

இரண்டாவது புதுப் பேட்டரியைப் போட்டேன். பேட்டரியுடன் தொடர்பு சரியில்லை என்று திரையில் எச்சரிக்கை வந்தது, கேமரா இயங்கவில்லை. பழைய அசல் பேட்டரி கீழே வண்டியில் இருந்தது. உதவிக்கு வந்த பையன் ஓடிப் போய் எடுத்து வருவதற்குள் ஆயாவை இறக்கிவிட்டார்கள்.

அன்று இரவு, சார்ஜ் சரியாக ஏறவில்லை போலும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கூட வந்த சார்ஜரிலேயே விடிய விடியப் போட்டேன். அது பெரிய தவறு. மறுநாள் நெல்லிக்குப்பத்தில் ஒரு வளைகாப்பு. பாதியிலேயே கேமராவின் கைப்பிடிப் பக்கம் சூடேறுவது தெரிந்தது. கதவைத் திறந்து பேட்டரியை எடுக்கப் போனால் வரவில்லை. உள்ளேயே உப்பி, பக்கச் சுவரோடு இறுகிக்கொண்டுவிட்டது.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் தயவுசெய்து குறடு போட்டு இழுக்காதீர்கள். கத்தி நுனியால் நெம்பாதீர்கள். உப்பல் என்றால் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். உறை கிழிந்தாலோ, உள்ளே தகடுகள் ஒன்றையொன்று தொட்டாலோ தீப்பற்றும். நான் அதற்கு மேல் கை வைக்காமல், பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். "வீட்டில் இழுத்துப் பார்த்தாயாம்மா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றதும்தான் கையில் வாங்கினார். கைப்பிடியைக் கழற்றி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பாடுபட்டு வெளியே எடுத்தார். தொடுமுனை ஒன்று வளைந்திருந்தது, அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. கூலியும் பாகமும் 3,200 ரூபாய்.

உப்பாத இன்னொரு பேட்டரியை அவர் கருவியில் போட்டு முழுவதும் சார்ஜ் ஏற்றி, முழுவதும் இறக்கி அளந்தார். கிடைத்தது 740 மில்லி ஆம்பியர் மணி. அட்டையில் 2600. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு வெப்பத்தை உணர்த்த வேண்டிய முனையில் மீட்டரை வைத்தார். வெயிலில் வைத்து எடுத்த பிறகும் எண் அசையவில்லை. உணரிக்குப் பதிலாகச் சாதாரண ரெசிஸ்டர் ஒன்றை வைத்து முடித்திருக்கிறார்கள் என்றார். அதாவது பேட்டரி எவ்வளவு கொதித்தாலும், "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றே சார்ஜருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கை நடுங்கியது. இரவு முழுவதும் அதை என் பிள்ளைகள் தூங்கும் அறையில் சார்ஜில் விட்டிருந்தேன்.

இந்த வகை பேட்டரிக்குள் இரண்டு லித்தியம் அயனிச் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், சேர்த்து 7.2. முழுதாக ஏறும்போது ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே தரமாக இல்லாவிட்டால் தளர்ந்த செல் சீக்கிரம் நிறைந்து, அதற்கு மேலும் திணிக்கப்படும். அதைத் தடுப்பதுதான் உள்ளே இருக்கும் காப்புச் சுற்றின் வேலை. காசு மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான். திரையில் தெரியும் சதவீதமும் பேட்டரிக்குள் இருக்கும் சில்லு சொல்லும் கணக்கை நம்பியதுதான். அந்தக் கணக்கு பொய்யானால் கேமராவும் பொய் காட்டும்.

2600 என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை வாங்க வைத்ததே அதுதான். இதே அளவுக் கூட்டில் 2008இல் 5டி மார்க் 2 கேமராவுடன் வந்த எல்பி-இ6 பேட்டரியின் கொள்ளளவு 1800. அடுத்து வந்த இ6என் 1865. 2020இல் ஆர்5 கேமராவுடன் வந்தது 2130. தயாரித்த நிறுவனமே இந்த 330ஐக் கூட்ட 12 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அப்படியிருக்க, ஆறில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் 2600 எங்கிருந்து வரும்? கடையில் நின்றபோது இதை யோசித்திருந்தால் போதும், திரும்பி வந்திருப்பேன்.

மாற்று நிறுவன பேட்டரி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. என் பழைய கேமராவில் அப்படி ஒன்றை மூன்று ஆண்டுகள் குறையில்லாமல் பயன்படுத்தினேன். அதன் அட்டையில் அசலைவிடச் சற்றுக் குறைந்த எண்ணைத்தான் நாணயமாக அச்சிட்டிருந்தார்கள். அசலிலும் பிழை வரும். நிகான் நிறுவனம் 2012இல் தன் இஎன்-இஎல்15 பேட்டரிகளில் சில தொகுதிகளை, அதிகச் சூடாகும் அபாயத்துக்காகத் திரும்பப் பெற்றது. ஆனால் அங்கே தொகுதி எண் இருந்தது, பொறுப்பேற்க ஆள் இருந்தது. என் பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியே இல்லை.

நம் நாட்டில் விற்கும் இத்தகைய பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் மேலே இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். கடையில் நிற்கும்போதே பாருங்கள். கையில் எடுத்து எடையையும் பாருங்கள். அசல் ஏறத்தாழ 80 கிராம் இருக்கும். என்னுடையதை மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது 61 காட்டியது. வாங்கிய பேட்டரியை வீட்டில் இரண்டு முறை முழுவதும் தீர்த்துப் பார்த்து, எத்தனை படம் வருகிறது என்று எண்ணாமல் எந்த விசேஷத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள். 80டிக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு சுமார் 960 படங்கள்.

சீட்டோடு கடைக்குத் திரும்பிப் போனேன். "ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டால் எந்த பேட்டரியும் உப்பத்தான் செய்யும் அக்கா. உங்கள் கேமராவும் பழசு" என்றார். வாங்கிய அன்று "அடித்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று சொன்ன அதே வாய். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் கிடையாது. யுபிஐ விவரம், துண்டுச் சீட்டு, பெட்டியின் படங்கள், பழுது பார்த்த ரசீது எல்லாம் தயாராக இருக்கின்றன. உப்பிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறேன். வழக்கு முடிந்ததும் மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுப்பேன், குப்பையில் போட மாட்டேன்.

திருமண வீட்டாருக்குப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஆல்பம் வேலை நடக்கும்போது மணப்பெண் அழைத்து, "அக்கா, ஆயா அட்சதை போடும் படம் எங்கே?" என்று கேட்டாள். உறவினர்களின் கைபேசிகளையெல்லாம் தேடியதில் அவளுடைய சித்தப்பாவிடம் ஒன்று கிடைத்தது. யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் ஆயாவின் முகம் பாதிதான் தெரிகிறது, கை மட்டும் முழுதாக இருக்கிறது. ஆல்பத்தில் அதைத்தான் வைத்திருக்கிறோம்.