கோத்தகிரி ஃபைபர் நெட்: லைன் அருமை, மோடம் பெட்டி சுமார்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் உள்ளூர் கேபிள்காரர் மூலமாக வீட்டுக்கு வரும் ஃபைபர் நெட்டில் லைனுக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். கூடவே தருகிற மோடம் பெட்டிக்கு அவ்வளவு போட முடியாது. நெட் நின்றதும் எல்லோரும் திட்டுவது என்னவோ லைனைத்தான்.

பழைய டெலிபோன் கம்பியில் நெட் வந்த காலத்தில், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஜாயின்டில் தண்ணீர் இறங்கி, தாமிரத்தில் களிம்பு ஏறி, வேகம் படுத்துவிடும். ஃபைபரில் ஓடுவது ஒளி, பாதை கண்ணாடி இழை. கேபிள் நனைவதால் மட்டும் வேகம் குறையாது. இந்த மலையில் அதை அறுப்பது வேறு: காற்றில் முறியும் கற்பூர மரக் கிளை, தொங்கும் கேபிளில் கொம்பை மாட்டிக்கொள்ளும் காட்டுமாடு, பிடித்துத் தொங்கும் குரங்கு. இணைப்புக் கொடுக்க வருபவரிடம் நடைபாதைக்கு மேலே உயர இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். சுவரோரம் இரண்டு மூன்று மீட்டர் சுருட்டி விடச் சொல்லுங்கள். அறுந்தால் ஒட்டுப்போட அந்த நீளம்தான் கைகொடுக்கும். இல்லாவிட்டால் கம்பத்திலிருந்து புதிதாக இழுக்க வேண்டியிருக்கும்.

மோடத்தில் எல்.ஓ.எஸ். (ஒளி இழப்பைக் காட்டும்) விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை இரண்டு: ஜன்னல் மூலையிலோ பீரோவுக்குப் பின்னாலோ கேபிள் மடங்கியிருக்கிறதா, பெட்டியின் பின்னால் பச்சை பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா. அந்தப் பச்சை பிளக்கின் நுனி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீல பிளக்கின் நுனியில் அந்தச் சாய்வு இல்லை. இரண்டையும் சேர்த்தால் செருகத்தான் செய்யும், ஆனால் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். விரல் பட்டாலே நுனியில் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும். சட்டை நுனியால் துடைத்தால் தூசியும் சேரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். நுனியைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது. வருவது 1490 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குத் தெரியாது.

பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும்; வந்து சேரும் ஒளியின் அளவு அது, டிபிஎம் என்ற அலகில். பெரும்பாலான பெட்டிகள் மைனஸ் 27 டிபிஎம் வரை தாங்கும். இணைப்பு வந்த அன்றே அதைக் குறித்து வையுங்கள். 3 குறைந்தால் ஒளி பாதி. 6 குறைந்தால் கால் பங்கு. "நெட் ஸ்லோவா இருக்குங்க" என்று போன் செய்வதைவிட, "மைனஸ் இருபது இருந்தது, இப்ப இருபத்தாறு காட்டுதுங்கண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். ஒட்டுப்போடும் மெஷினோடு வருவார்.

பெட்டியின் குறை வைஃபையில்தான். பழைய பங்களாக்களின் கருங்கல் சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் ஓர் அறையைத் தாண்டுவதே பெரிது. 2.4 கொஞ்சம் கூடுதலாகப் போகும், வேகம் குறைவு. இன்னொன்று, சில பெட்டிகளில் ஒரே ஒரு போர்ட்தான் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றது 100 எம்பிபிஎஸ். 200 பிளான் போட்டும் வேகம் 94, 95-லேயே நிற்கிறது என்றால் தவறான போர்ட்டில் செருகியிருக்கலாம், அல்லது லேன் கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று விட்டிருக்கலாம். 100-க்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

இதனால் பலரும் தனி ரவுட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். நல்ல முடிவு. ஆனால் மோடமும் ரவுட்டரும் இரண்டுமே 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்தால் மோதல்தான். ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக (வைஃபை மட்டும் பரப்பும்படி) மாற்றுங்கள்; அல்லது மோடத்தை பிரிட்ஜில் (லைனை மட்டும் கடத்தும்படி) போட்டு, நெட்டில் லாகின் செய்யும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டை ரவுட்டரில் கொடுங்கள். அந்த இரண்டையும் முதல் நாளே கேபிள்காரரிடம் எழுதி வாங்கிவிட வேண்டும்.

சிவப்பு விளக்கு இல்லாமலே நெட் வரவில்லையா? ரவுட்டரைக் கழற்றிவிட்டு, மோடத்தில் லேப்டாப்பை லேன் கேபிளால் நேரே செருகுங்கள். (மோடம் பிரிட்ஜில் இருந்தால் லேப்டாப்பிலேயே யூசர்நேம் போட்டு டயல் செய்ய வேண்டும்.) லேப்டாப்பின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் மோடம் முகவரியே தரவில்லை. கேபிள், போர்ட், பெட்டி மூன்றில் ஒன்று பழுது. மோடத்தின் 192.168.1.1-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போய், வெளியே கூகுளின் 8.8.8.8-க்குப் போகவில்லை என்றால் சிக்கல் மோடத்துக்கு வெளியே: லாகின் விழுந்திருக்கும், அல்லது ரீசார்ஜ் முடிந்திருக்கும். 8.8.8.8-க்குப் போகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் குறை டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவையில். நேரே செருகும்போது எல்லாம் சரியாக ஓடினால், குறை ரவுட்டரில். திரும்ப மாட்டும்போது முதலில் மோடம், பான் (ஃபைபர் இணைப்பைக் காட்டும்) விளக்கு பச்சையாக நின்ற பிறகு ரவுட்டர், கடைசியில் கம்ப்யூட்டர்.

கரண்ட் போகும் ஊர் என்பதால் 12 வோல்ட் மினி யூபிஎஸ் அவசியம். மோடமும் ரவுட்டரும் சேர்ந்து 12 வாட் இழுத்தால், 22 வாட்-மணி பேட்டரி சுமார் ஒன்றரை மணி நேரம் ஓட்டும். ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கம்பத்து ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் கேபிள்காரர் பக்கத்து மெஷினுக்கும் பேக்கப் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரை இடியில் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, பெரும்பாலும் அடாப்டர் வழியாகத்தான் அடி விழும். இடி தொடங்கியதும் பிடுங்கி வையுங்கள். திரும்பச் செருகும்போது மாற்றிவிடாதீர்கள்: சில ரவுட்டர்களுக்கு 9 வோல்ட்தான், ஆனால் செருகும் பின் ஒரே அளவு. அடாப்டர் மேல் வெள்ளை டேப் ஒட்டி, எது மோடம், எது ரவுட்டர் என்று எழுதி வையுங்கள்.