பத்துக் கேள்வியா, ஆறு கேள்வியா: வன்னியில் தாங்குதிறனைக் கேட்டு அளப்பது

பஸ் நிலையத்திலும் சந்தைக் கட்டட விறாந்தையிலும் கோயில் மண்டபத்திலும் படுத்தெழும்பும், குடியை விட முடியாத ஆட்களோடு ஒன்றரை வருடமாக வேலை செய்கிறோம். கிளிநொச்சிப் பக்கம், மூன்று பேர் கொண்ட சின்னக் குழு. குடியை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் ஓடிட் படிவம் இருக்கிறது: 10 கேள்வி, 40 புள்ளி, 8 வந்தாலே கவனிக்க வேண்டும். எங்களிடம் வருபவர்களில் 8க்குக் கீழே யாரும் இல்லை. இவ்வளவு நடந்தபிறகும் இந்த மனிதரை எழும்பி நடக்க வைப்பது எது, அது கூடுகிறதா குறைகிறதா என்றுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இதைத்தான் தாங்குதிறன் என்கிறார்கள். அதை அளக்கும் அளவுகோல்களில் நான்கைப் பார்த்தோம். 1993இல் வந்த வாக்னில்ட்–யங் அளவுகோலில் 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஏழு படி. ஏழு படியை வாயால் சொல்லி ஒருவரிடம் பதில் வாங்க முடியாது, விட்டுவிட்டோம். ஏ.ஆர்.எம் என்ற 17 கேள்வி அளவுகோல் குடும்பத்தையும் சுற்றத்தையும் சேர்த்துக் கேட்கிறது. எனக்கு அதில் ஆசை இருந்தது. ஆனால் குடியால் வீட்டைவிட்டு வெளியேறியவரிடம் குடும்பம் துணைநிற்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்பது புண்ணைக் கிளறுவது போல இருந்தது. இரண்டு பேரிடம் மட்டுமே கேட்டுப் பார்த்தோம், அதனால் அது சரிவராது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று 2008இல் வந்த ஆறு கேள்விச் சுருக்க அளவுகோல், பி.ஆர்.எஸ் என்பார்கள். மற்றது கொனர்–டேவிட்சன் அளவுகோல். 2003இல் 25 கேள்விகளோடு வந்ததை 2007இல் பத்தாகக் குறைத்தார்கள். இரண்டுமே அமெரிக்காவில், பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டுச் சீர்செய்யப்பட்டவை. இரண்டுமே பத்து நிமிடத்துக்குள் முடியும். பி.ஆர்.எஸ் காசில்லாமல் கிடைக்கும். கொனர்–டேவிட்சனுக்கு எழுதிக் கேட்டு அனுமதி பெற வேண்டும், கட்டணமும் உண்டு, வசனத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. காசில்லாத குழு எதை எடுக்கும்? நாங்களும் ஆறு கேள்வியோடுதான் தொடங்கினோம். நான்கு மாதத்தில் கைவிட்டு, பத்துக் கேள்விக்கு மாறினோம்.

மாறியதற்குக் காரணம் ஒரு சொல். பி.ஆர்.எஸ்ஸின் ஆறு கேள்வியும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: கஷ்டம் வந்தபிறகு எவ்வளவு கெதியாகப் பழைய நிலைக்கு வருவீர்கள் என்பது. நாங்கள் அதை 'மீண்டு வருதல்' என்று தமிழாக்கினோம். ஐம்பது வயது தாண்டிய ஒரு ஐயாவிடம் முதல் கேள்வியைக் கேட்டேன். "எங்க பிள்ளை திரும்பி வாறது? காணி இன்னும் விடேல்லயே" என்றார். நான் மனதைப் பற்றிக் கேட்டேன், அவர் ஊரைப் பற்றிச் சொன்னார். அவரில் பிழை இல்லை. 2009க்குப் பிறகு வன்னியில் 'மீள்' என்றால் மீள்குடியேற்றம்தான். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்படும்வரை ஒவ்வொரு படிவத்திலும் வரிசையிலும் அந்தச் சொல்தான் இருந்தது. அதன்பிறகும் சிலருடைய காணி படையினரிடமே இருந்தது. அந்தச் சொல்லை மனதுக்கு மட்டும் என்று நாம் ஒதுக்கி வைத்தால் கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

சரி, சொல்லை மாற்றுவோம் என்று 'தேறி வருதல்' போட்டோம். காய்ச்சல் தேறுவதைப் பற்றிப் பதில் வந்தது. அப்புறம் 'பழையபடி ஆகிவிடுவேன்' என்று கேட்டோம். அது இன்னும் மோசம். எங்கள் ஊர்களில் குடிப்பவரைப் பற்றி வீட்டார் "பழையபடி தொடங்கிட்டார்" என்றால், விட்ட குடியை மீண்டும் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். மூன்று கிழமையாகக் குடிக்காமல் இருந்த ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவருடைய முகம் விழுந்துவிட்டது. அவரை நம்பவில்லை என்று நினைத்துவிட்டார். அதைச் சரிசெய்ய எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

இன்னொருவர் கேட்டார்: "பழையபடி எண்டால் எப்ப? முள்ளிவாய்க்காலுக்கு முன்னமோ, மனுசி இருந்த காலமோ?" நியாயமான கேள்வி. திரும்பிப் போக ஒரு நல்ல நிலை இருந்தது என்று எடுத்துக்கொண்டுதான் அந்த ஆறு கேள்வியும் எழுதப்பட்டிருக்கின்றன. பல தடவை இடம்பெயர்ந்து, கடைசியில் கடை வாசலில் படுப்பவருக்கு அப்படி ஒன்று எது என்று நாம் தீர்மானிக்க முடியாது. இங்கே அந்த ஒரு கருத்து பிழையானால் ஆறு கேள்வியும் பிழையாகிவிடும். பத்துக் கேள்வி அளவுகோலிலும் மீண்டு வருவதைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. ஆனால் அது பிழையானால் 40 புள்ளியில் 4 புள்ளிதான் ஆட்டம் காணும். மற்றவை மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது, தோல்வியில் சோர்ந்துபோகாமல் இருப்பது, நெருக்கடியில் நிதானமாக யோசிப்பது என்று வேறு வேறு பக்கத்தில் இருந்து கேட்கின்றன.

பி.ஆர்.எஸ்ஸில் 2, 4, 6 ஆவது கேள்விகள் எதிர்மறையானவை, புள்ளியைத் திருப்பிப் போட வேண்டும். படிக்கத் தெரிந்தவருக்கு இது நல்ல ஏற்பாடு. நாம் வாசித்துக் கேட்கும்போது, மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்பவர்கள் பலர். பதில்கள் 1 முதல் 5 வரை, ஓம் என்பதற்கு 4. ஆறுக்கும் ஓம் என்றால், தலா 4. மூன்றைத் திருப்பினால் 2. சராசரி 3.0. அந்த அளவுகோலின்படி 3.00 முதல் 4.30 வரை இயல்பு நிலை! எதையும் சொல்லாத மனிதர் இயல்பானவராகப் பதிவாகிவிடுகிறார். பத்துக் கேள்வியில் ஓம் போடுபவருக்கு 40க்குக் கிட்ட வரும். அதுவும் பொய்தான். ஆனாலும் சந்தைக் கட்டடத்தில் படுப்பவருக்கு 40 என்றால் நாங்கள் நின்று யோசிப்போம். 3.0ஐப் பார்த்து யாரும் யோசிப்பதில்லை.

கேட்கும் முறையிலும் ஒரு வசதி. கொனர்–டேவிட்சன் பதில்கள் 0 முதல் 4 வரை. நான்கு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, எவ்வளவு உண்மையோ அவ்வளவை வைக்கச் சொல்கிறோம். ஒன்றும் வைக்காவிட்டால் பூச்சியம். 'கடந்த ஒரு மாதத்தில்' என்று கேட்பதால் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பிறகு, மழை தொடங்கினபிறகு என்று நாளைப் பிடித்துக் கொடுக்கவும் முடிகிறது.

குறையும் உண்டு. துன்பத்திலும் சிரிப்பைக் காண்பது பற்றிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருவரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டேன், அவருடைய புள்ளியும் முழுமையில்லை. இன்னொரு விஷயம், எதைக் கேட்டாலும் நேரம் பார்க்க வேண்டும். காலையில் கை நடுங்கிக்கொண்டு வருபவரிடம் படிவத்தை நீட்டாதீர்கள். நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். குடிவெறியில் இருப்பவரும் நான்கு கொட்டையையும் அள்ளி வைப்பார்.

எங்களிடம் வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். பெண்கள் வீதியில் தெரிவதில்லை, யாராவது வீட்டுக் குசினி மூலையில் இருப்பார்கள். அவர்களிடம் இந்தப் பத்தும் எப்படிப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது. கிராம அலுவலரின் பட்டியலிலும் இவர்கள் வரமாட்டார்கள். சிலருக்கு வீட்டுத்திட்ட வீடு கடதாசியில் இருக்கிறது, ஆள் அங்கே இல்லை. ஒரு மாதம் கழித்து மூன்று நான்கு புள்ளி ஏறினால் அது உண்மையான மாற்றமா, எங்களோடு பழகியதால் வந்த ஏற்றமா என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. அதனால் புள்ளியோடு சேர்த்து அவர் சொன்ன வசனத்தையும் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறோம்.

உங்களிடம் வருபவர்கள் தாங்களே வாசித்துக் குறிக்கக் கூடியவர்கள், விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்கள், உங்களிடம் கட்டணத்துக்கும் வழியில்லை என்றால் ஆறு கேள்வி போதும். ஆனால் 'மீண்டு' என்ற சொல்லை முதலில் நான்கைந்து பேரிடம் சொல்லி, அவர்களுக்கு என்ன விளங்குகிறது என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.