குட்டிக் கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா?

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் ஆற்றங்கரையை ஒட்டிய பழைய ஓட்டுவீடுகளில் இந்த இரண்டு பாம்புமே வரும். முதலது கடித்தால் உயிர் போகலாம். இரண்டாவதற்கு ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. ஆனாலும் கம்பெடுத்தால் அடிபடுவது பெரும்பாலும் இரண்டாவதுதான், பாவம்.

தலைக்குப் பின்னால் கொஞ்சதூரம் வெறும் கருப்பு, அப்புறம் பட்டை என்றால் கட்டுவிரியன். கழுத்திலேயே பட்டை தொடங்கினால் வரையன். ஊரில் பலரும் சொல்லும் இந்த அடையாளம் வளர்ந்த பாம்புக்குத்தான் பொருந்தும். குட்டிக் கட்டுவிரியனுக்கு முன்னுடம்பிலும் வெள்ளைப் பட்டையோ புள்ளியோ தெளிவாக இருக்கும். வளர வளர அவை மங்கி மறையும். கிழட்டுப் பாம்பில் பின்பக்கப் பட்டைகூடத் தேய்ந்து, ஏறக்குறைய முழுக்கருப்பாகத் தெரிவதுண்டு. ஆபத்து குட்டியிடம்தான்: அளவும் வரையனை ஒத்திருக்கும், பட்டையும் ஒத்திருக்கும்.

அதனால் வாலைப் பார்ப்பது மேல். கட்டுவிரியனின் பட்டை வால்வரை பளிச்சென்று போகும். வரையனுடையது கழுத்தருகே அகலமாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். நிறத்தில் முதலது பளபளக்கும் நீலக்கருப்பு, மற்றது பழுப்பு. கட்டுவிரியனின் நடுமுதுகுச் செதில்கள் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். அதைக் குனிந்து எண்ணப் போகாதீர்கள், போட்டோவில் பார்க்கலாம். சுவரேறிப் பல்லி தேடுவது வரையன்.

எனக்குச் சந்தேகம் வந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்வேன். அதன் கடி வலிக்காமலும் இருக்கலாம், தடமும் தெரியாமல் போகலாம். இரவில் தரையில் படுத்தவருக்கு விடியலில் வயிற்றுவலி, இமை சொருகல் என்றால் நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடுங்கள்.